பக்கை எந்தப் பெட்டியில் போடுவது? – வாசகர் கேள்வி பதில்

ஸ்க்ரம் முறையில், அதாவது வேலையை 'ஸ்ப்ரின்ட்' எனும் குறுகிய காலச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறையில், இயங்கும் மென்பொருள் குழுக்களில் பக்குகளை (மென்பொருள் பிழைகளை) டிக்கெட்டாகப் பதிந்து கையாள்வது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஸ்ப்ரின்ட் நடுவில், டெவலப்பர் முடித்துக் கொடுத்த ஸ்டோரியில் (பயனருக்கு வேண்டிய ஒரு சிறு வேலை) பக் பிடிக்கிறேன். "டிக்கெட் போடாதீங்க, சொல்லுங்க, பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்" என்கிறார் அவர். லீடோ, "எல்லாத்துக்கும் டிக்கெட் வேணும், மாசக் கடைசியில எண்ணிக்கை காட்டணும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– டெஸ்டர், சென்னை

பதில்: டெவலப்பர் பேச்சை. சாம்பார் அடுப்பில் இருக்கும்போது உப்பு குறைவென்றால் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இலையில் ஊற்றிய பிறகு சொன்னால்தான் அது புகார். ஸ்டோரி இன்னும் போர்டின் 'டன்' (முடிந்தது) பத்திக்குப் போகவில்லை என்றால் நீங்கள் கண்டது இன்னும் முடிக்காத வேலை. அந்த ஸ்டோரியிலேயே இரண்டு வரி கமென்ட் எழுதி, ஸ்டோரியை 'இன் ப்ராக்ரஸ்'க்குத் திருப்பி அனுப்புங்கள். போதும்.

இதில் மூன்று விலக்கு உண்டு. அன்றைக்குள் சரியாகாது என்று தெரிந்தால் ஸ்டோரிக்கு அடியில் சப்-டாஸ்க் போடுங்கள். டெவலப்பர் வேறு நாட்டு நேரத்தில் வேலை செய்கிறார், நீங்கள் வீட்டுக்குப் போனபின்தான் வருவார் என்றாலும் சப்-டாஸ்க்தான். வாய்ச்சொல் விடியும்வரை நிற்காது. நீங்கள் பார்த்தது இந்த ஸ்டோரியால் வந்ததே அல்ல, ஏற்கெனவே ப்ரொடக்ஷனில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் வெர்ஷனில்) இருப்பது என்றால் தனி பக் டிக்கெட்.

உங்கள் லீடின் எண்ணிக்கை ஆசைக்கு வருவோம். டெஸ்டரை பக் எண்ணிக்கையால் அளக்கத் தொடங்கினால் ஒரே பக் மூன்று ஸ்க்ரீனில் மூன்று டிக்கெட்டாகும். டெவலப்பரை அதே எண்ணிக்கையால் அளந்தால், "இது பக் இல்லை, என்ஹான்ஸ்மென்ட்" என்ற வழக்காடல் தினமும் அரைமணி நேரத்தைத் தின்னும். எண் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்: ரிலீஸுக்குப் பிறகு வாடிக்கையாளர் கண்ணில் பட்டவை எத்தனை? அதில் விளையாட முடியாது.

கேள்வி: பக்குக்கு ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவைக் கணிக்கும் எண்) கொடுக்கலாமா? பாதிப் பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். ஒவ்வொரு ப்ளானிங்கிலும் இதே சண்டை.
– ஸ்க்ரம் மாஸ்டர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் ஒன்று. ஸ்க்ரம் கைடில் (ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் கையேடு) ஸ்டோரி பாயின்டும் இல்லை, வெலாசிட்டியும் (ஒரு ஸ்ப்ரின்டில் முடித்த பாயின்ட்களின் கூட்டு) இல்லை. "ஸ்க்ரம் இப்படித்தான் சொல்லுது" என்று இரண்டு தரப்பும் மேஜையைத் தட்ட முடியாது.

நடந்துகொண்டிருக்கும் ஸ்டோரியில் பிடிபட்ட பக்குக்குப் பாயின்ட் கூடவே கூடாது. ஐந்து பாயின்ட் ஸ்டோரியை அரைகுறையாக எழுதி, அதில் வந்த பக்குகளுக்கு இன்னொரு ஐந்து வாங்கினால், மோசமாக எழுதுகிறவருக்குத்தான் வெலாசிட்டி ஏறும்.

பழைய ப்ரொடக்ஷன் பக்குகளுக்கும் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. பக்கில் நேரம் போவது காரணத்தைத் தேடுவதில். திருத்தம் பல சமயம் ஒரே வரி. தேடல் எவ்வளவு நேரம் இழுக்கும் என்பதை ப்ளானிங் போக்கரில் (எண் சீட்டுப் போட்டு வேலையின் அளவைக் கணிக்கும் முறை) எப்படிச் சீட்டுப் போட்டாலும் கணிக்க முடியாது. பாயின்டுக்குப் பதிலாக இடம் ஒதுக்குங்கள். ஐந்து டெவலப்பர், பத்து வேலை நாள் என்றால் 50 ஆள்-நாள். மீட்டிங், விடுப்பு, ரிவ்யூ போக 40 நிற்கிறது என்று வைப்போம். கடந்த ஐந்து ஸ்ப்ரின்டில் பக்குகளுக்குப் போன ஆள்-நாட்கள் 6, 9, 7, 20, 8. சராசரி 10 வரும். அதை எடுக்காதீர்கள், அந்த 20 ஏதோ ஒரு சொதப்பல் ரிலீஸின் கணக்கு. வரிசைப்படுத்தி நடுவில் வரும் 8-ஐ எடுங்கள். அதைக் கழித்து, 32 ஆள்-நாளுக்கு மட்டும் ஸ்டோரி எடுங்கள். பக் வராமல் இடம் மிஞ்சினால் பேக்லாகில் (செய்யக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை) மேலே இருக்கும் ஸ்டோரியை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

தேடலுக்கு ஒரு எல்லையும் வேண்டும். ஒருவர் நான்கு மணி நேரம் தேடியும் காரணம் சிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, எதையெல்லாம் பார்த்தாயிற்று, எது காரணமில்லை என்று டிக்கெட்டில் எழுதிவிட்டு இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். இந்த எல்லை இல்லாத குழுவில்தான், "அதேதான் பார்த்துட்டிருக்கேன்" என்ற வாக்கியம் ஐந்து ஸ்டாண்ட்-அப்பில் (தினசரிச் சிறு கூட்டம்) தொடர்ந்து கேட்கும்.

ஏற்கெனவே பாயின்ட் கொடுத்து ஓரளவு சீராக ஓடுகிற குழு என்றால் மாற்றாதீர்கள். நடுவில் மாற்றினால் பழைய வெலாசிட்டியைப் புதியதோடு ஒப்பிடவே முடியாது.

கேள்வி: எங்கள் ப்ராடக்ட் ஓனருக்கு (எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர்) எல்லா பக்கும் 'பி1' (முதல் அவசரம்). சிவியாரிட்டி, ப்ரயாரிட்டி இரண்டையும் அவரே போடுகிறார். என்ன செய்வது?
– டெவலப்பர், பெங்களூரு

பதில்: இரண்டும் வேறு கேள்விகள், வேறு ஆட்கள் பதில் சொல்ல வேண்டியவை. எவ்வளவு உடைந்திருக்கிறது என்பது சிவியாரிட்டி. டெஸ்டரும் டெவலப்பரும் சொல்ல வேண்டும். எப்போது சரிசெய்ய வேண்டும் என்பது ப்ரயாரிட்டி. அது ப்ராடக்ட் ஓனர் உரிமை. முகப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரிலேயே எழுத்துப்பிழை என்றால் எதுவும் உடையவில்லை, ஆனால் இன்றே போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மார்ச்சில் எடுக்கும் அறிக்கை அப்படியே க்ராஷ் ஆகிறது என்றால் சேதம் பெரியது. ஆனால் இது ஜூன் மாதம் என்றால் மூச்சு விடலாம்.

எல்லாவற்றுக்கும் பி1 போடுகிறவரோடு லேபிள் பற்றி வாதாடிப் பயனில்லை. வரிசை கேளுங்கள். பேக்லாக் என்பது மேலிருந்து கீழே ஒரே வரிசை. முதலிடத்தில் ஒன்றுதான் உட்கார முடியும். "இந்த பக் உள்ளே வரணும்னா எந்த ஸ்டோரியை வெளியே எடுக்கட்டும்?" என்று பணிவாகவே கேளுங்கள். பாதி பி1-கள் அந்த இடத்திலேயே பி3 ஆகிவிடும்.

இதற்கென்று வாரம் மூன்று முறை, 15 நிமிடம், மூன்றே பேர் (ப்ராடக்ட் ஓனர், ஒரு டெவலப்பர், ஒரு டெஸ்டர்) ட்ரையாஜ், அதாவது வந்த பக்குகளைத் தரம் பிரிக்க, உட்காருங்கள். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு நிமிடம். போக வழி மூன்றுதான்: இந்த ஸ்ப்ரின்டில் ஒதுக்கிய இடத்துக்குள், பேக்லாகில் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு, அல்லது மூடுதல். 'பிறகு பார்க்கலாம்' என்று நான்காவது வழி வைத்தீர்கள் என்றால் அடுத்த கேள்வியைக் கேட்டவரின் நிலைமைதான்.

கேள்வி: பேக்லாகில் 640 பக் கிடக்கிறது. சில மூன்று வருடப் பழையவை. ஒரு நாள் முழுக்க எல்லோரும் உட்கார்ந்து பார்த்துவிடலாமா?
– எஞ்சினியரிங் மேனேஜர், சென்னை

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 1,280 நிமிடம். 21 மணி நேரத்துக்கு மேல். ஆறு பேர் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 128 மணி நேரம். அவ்வளவும் செலவழித்துக் கிடைப்பது 640 பக்கும் இன்னும் இருக்கிறது என்ற தகவல்தான்.

ஒவ்வொன்றாகப் படிக்காமல் வடிகட்டுங்கள். முதலில், பணம், தரவு இழப்பு, பாதுகாப்பு, சட்டம் ஆகிய நான்கில் ஒன்றைத் தொடுபவற்றைத் தேடித் தனியே எடுத்து வையுங்கள். இவற்றுக்கு வயது வரம்பு கிடையாது. மிச்சத்தில், ஆறு மாதமாக யாரும் தொடாதவை, வாடிக்கையாளர் புகார் எதுவும் இணைக்கப்படாதவை எல்லாவற்றையும் மொத்தமாக மூடுங்கள். "ஆறு மாதமாக அசைவில்லாததால் மூடப்படுகிறது, இப்போதும் வருகிறதென்றால் தற்போதைய வெர்ஷன் எண்ணோடு திறக்கவும்" என்று ஒரு கமென்ட். டிக்கெட்டை அழிக்காதீர்கள், மூடியதைத் தேடி எடுக்கலாம், அழித்ததை முடியாது.

ஜிராவில் (டிக்கெட் பதியும் மென்பொருள்) மொத்தமாக மாற்றும்போது இரண்டு இடத்தில் கை தவறும். ரெசல்யூஷனில் (டிக்கெட் எப்படி முடிந்தது என்று குறிக்கும் இடம்) 'டன்' என்று போட்டுவிட்டால், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பக்கைத் திருத்திவிட்டதாக அறிக்கை பேசும். 'வோன்ட் டூ' (செய்யப்போவதில்லை) போடுங்கள். அடுத்து, மின்னஞ்சல் அனுப்பும் டிக்கை எடுத்துவிடுங்கள். மறந்தால் அலுவலகத்தில் எல்லோருடைய இன்பாக்ஸிலும் நூற்றுக்கணக்கில் மடல் குவிந்து, மறுநாள் நீங்கள் மூடியதைத் திறக்கவே ஒரு கூட்டம் கிளம்பும்.

மிஞ்சியதில் டூப்ளிகேட்டை இணைத்தபின், திறந்திருக்கும் பக்குக்கு ஓர் உச்ச எண் வையுங்கள். ஐந்தாறு பேர் குழுவுக்கு 30 தாராளம். 31-ஆவது வந்தால் உள்ளே இருக்கும் ஒன்று திருத்தப்பட வேண்டும் அல்லது மூடப்பட வேண்டும். "மூடினால் மறந்துவிடுவோமே" என்பார்கள். மூன்று வருடமாக 640-இல் ஒன்றாகக் கிடந்ததை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

கேள்வி: பாதி டிக்கெட்டுகளை 'கெனாட் ரீப்ரொட்யூஸ்' என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. டெஸ்டருக்குக் கோபம் வருகிறது. அவர் மெஷினில் வருகிறது, என் மெஷினில் வரவில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை.
– டெவலப்பர், மதுரை

பதில்: இருவர் சொல்வதும் உண்மை என்றால், இரண்டு மெஷினுக்கும் நடுவே உள்ள ஏதோ ஒரு வித்தியாசம்தான் பக். அதைக் கண்டுபிடிக்கும்படி டிக்கெட் எழுதப்படவில்லை. ஓர் உதாரணம். கடைப் பில்லிங் மென்பொருள், வந்த டிக்கெட் இது: "பில்லில் தேதி தப்பாக வருகிறது. அவசரம்." டெவலப்பர் பகல் 11 மணிக்குப் பில் போட்டுப் பார்க்கிறார். தேதி சரி. திருப்பி அனுப்புகிறார்.

அதே பக்கை இப்படி எழுதியிருந்தால்:

"பில்ட் 4.2.1, டெஸ்ட் சர்வர். நேரம் இரவு 1:10, ஏப்ரல் 1. புதிய பில், ஒரு பொருள், ரொக்கம், சேமி. எதிர்பார்த்தது: பில் தேதி ஏப்ரல் 1. வந்தது: மார்ச் 31. காலை 6 மணிக்கு இதே படிகளில் வரவில்லை. ஐந்து முறையில் ஐந்து முறையும் இரவில் மட்டும் வருகிறது."

இதைப் படிக்கும் டெவலப்பர் கோட் ஃபைலைத் திறக்கும் முன்பே பாதி விடையை ஊகித்துவிடுவார். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்தியா அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். டெவலப்பர் மெஷின் இந்திய நேரத்தில் இருப்பதால் எந்த நேரத்தில் பார்த்தாலும் அங்கே வராது. "ஒரு நாள்தானே முன்னே பின்னே" என்று சிவியாரிட்டியில் 'லோ' போட்டுவிடவும் வேண்டாம்: ஏப்ரல் 1 அதிகாலையில் போட்ட பில் போன நிதியாண்டுக் கணக்கில் போய் விழுகிறது.

டிக்கெட்டில் கட்டாயம் வேண்டியவை: பில்ட் எண் (மென்பொருளின் எந்தப் பதிப்பு), எந்தச் சூழல், எந்தப் பயனர் வகை, படிகள், எதிர்பார்த்தது, வந்தது, எத்தனை முறையில் எத்தனை. எங்கள் அனுபவத்தில் அதிகம் விட்டுப்போவது 'எப்போது வரவில்லை' என்ற வரி. வந்த இடம் ஒரு புள்ளி. வராத இடமும் சேர்ந்தால் கோடு கிழிக்கலாம். ஸ்க்ரீன்ஷாட் நல்லது, ஆனால் எரர் மெசேஜை எழுத்தாகவும் ஒட்டுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை டிக்கெட் தேடலில் எடுப்பது கஷ்டம். டூப்ளிகேட் பெருகுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

உங்கள் பக்கமும் ஒரு கடமை: திருப்பி அனுப்பும்போது எந்தப் பில்டில், எந்தத் தரவோடு, எத்தனை முறை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். வெறும் 'கெனாட் ரீப்ரொட்யூஸ்' என்றால் டெஸ்டர் காதில், 'பார்க்கவே இல்லை' என்றுதான் விழும்.

கேள்வி: ஸ்ப்ரின்ட் நடுவில் ப்ரொடக்ஷன் விழுந்தால் ஸ்ப்ரின்டை ரத்து செய்துவிடலாமா?
– ஸ்க்ரம் மாஸ்டர், சிங்கப்பூர்

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்க்ரம் கைட் படி, ஸ்ப்ரின்ட் கோல் (அந்த ஸ்ப்ரின்டின் இலக்கு) அர்த்தமற்றுப் போனால் மட்டுமே ரத்து செய்யலாம். அதைச் செய்யும் அதிகாரமும் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டும்தான். இரண்டு பேரைத் தீயணைக்க அனுப்பிவிட்டு, அந்த அளவுக்கு ஸ்டோரியை வெளியே எடுங்கள். எடுக்காமல், "எப்படியாவது முடிச்சிடலாம்" என்று சொல்வதில்தான் அடுத்த மாதப் பக்குகள் பிறக்கின்றன.

தீயணைப்பில் முதல் வேலை, காரணம் தேடுவதல்ல. வாடிக்கையாளருக்கு வலியை நிறுத்துவது. நேற்று ரிலீஸ், இன்று பக் என்றால் பழைய வெர்ஷனுக்குத் திரும்புங்கள், அல்லது ஃபீச்சர் ஃப்ளாகை (ஒரு வசதியை எரிக்கவும் அணைக்கவும் கோடில் வைத்திருக்கும் சுவிட்ச்) அணையுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு திரும்பக் கூடாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோட் ஏறியது. எட்டாவதில், பழைய ஃப்ளாக் ஒன்றைப் புதிய வேலைக்கு மறுபடி பயன்படுத்தியதால், வருடக்கணக்கில் உறங்கிக்கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டித் தள்ளியது. பதறிப்போய் மற்ற ஏழிலும் புதிய கோடை நீக்கினார்கள். ஃப்ளாக் எரிந்துகொண்டே இருந்ததால் அந்த ஏழிலும் பழைய கோட் ஓடத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். திரும்பும் முன் கேட்க வேண்டியது இரண்டே: இந்த ரிலீஸில் ஃப்ளாக் அல்லது கான்ஃபிக் (செட்டிங்) மாறியதா? டேட்டாபேஸ் அமைப்பு மாறியதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், எதை எந்த வரிசையில் பின்வாங்குவது என்று இருவர் சேர்ந்து எழுதிவிட்டுத் தொடுங்கள்.

ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) போடுவதானால், ப்ரொடக்ஷனில் ஓடும் ரிலீஸ் டேகிலிருந்து (அந்த வெர்ஷனின் கோடுக்கு இட்ட அடையாளம்) ப்ராஞ்ச் (தனிக் கிளை) எடுங்கள். மெயினிலிருந்து (எல்லோருடைய கோடும் சேரும் முதன்மைக் கிளை) எடுத்தால் அரைகுறை ஸ்டோரிகளும் ஏறிப்போகும். போட்டு முடித்த கையோடு மெயினிலும் மெர்ஜ் செய்தபின்தான் டிக்கெட் மூடப்பட வேண்டும். இதை மறந்த குழுக்களில் அடுத்த ரிலீஸன்று அதே பக் அப்படியே திரும்பி வரும், வாடிக்கையாளர் சிரிப்பார். காரணம் தேடும்போது கிட் பைசெக்டை (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் ஒரு கட்டளை) பயன்படுத்துங்கள்: நல்ல கமிட் (பதிந்த ஒரு கோட் மாற்றம்) ஒன்று, கெட்டது ஒன்று சொன்னால் நடுவிலிருந்து பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வரும். நடுவில் 1,000 கமிட் இருந்தாலும் பத்துச் சோதனையில் கெட்ட கமிட்டைப் பிடித்துவிடலாம்.

கேள்வி: நாங்கள் ஸ்ப்ரின்ட் வைப்பதில்லை, கான்பான்தான் (வேலை போர்டில் தொடர்ந்து ஓடும் முறை). எங்களுக்கு?
– சப்போர்ட் லீட், திருச்சி

பதில்: போர்டில் மேலே ஓர் அவசர வரிசை, அதன் வரம்பு 1. இரண்டாவது அவசரம் வந்தால் முதலாவது முடியும்வரை வாசலில் நிற்கும். மற்ற பக்குகள் ஸ்டோரிகளோடு ஒரே வரிசையில்.

கேள்வி: திருத்திய பக்கே மறுபடி வருகிறது. கோட் ரிவ்யூ எல்லாம் செய்கிறோம்.
– டெவலப்பர், சேலம்

பதில்: திருத்தும் முன் டெஸ்ட் (தானாக ஓடும் சோதனைக் கோட்) எழுதுகிறீர்களா? 'முன்' என்பதில்தான் விஷயம். 99.50 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 17.91. அதையே மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் 8.955; தனித்தனியே முழுமையாக்கினால் 8.96, 8.96. கூட்டினால் 17.92. ஒரு பைசா உதைக்கிறது. பில்லில் ஒரு தொகை, மாத அறிக்கையில் இன்னொரு தொகை என்று டிக்கெட் வருகிறது. ஒருவர் அறிக்கைக் கோடை மாற்றி ஒட்டவைக்கிறார். மூன்று மாதம் கழித்து இன்னொருவர் பில் கோடை மாற்றுகிறார். பைசா திரும்பி வருகிறது.

முதலில் 99.50 என்ற அதே எண்ணோடு, பில்லும் அறிக்கையும் ஒரே தொகையைச் சொல்ல வேண்டும் என்று டெஸ்ட் எழுதுங்கள். ஓட்டுங்கள். சிவப்பாக (தோல்வியாக) விழ வேண்டும். விழவில்லை என்றால் உங்கள் டெஸ்ட் பக்கைத் தொடவே இல்லை; இப்போதே தெரிந்தது நல்லதாயிற்று. அதன் பிறகு கோடைத் திருத்திப் பச்சையாக்குங்கள். டெஸ்டின் பெயரில் டிக்கெட் எண்ணைச் சேர்த்துவிட்டால், எதிர்காலத்தில், "இது எதுக்கு இருக்கு?" என்று அதை நீக்கப் போகிறவர் கொஞ்சம் யோசிப்பார். எண் 100 என்று வைத்து எழுதினால் வரி இரண்டு பக்கமும் 9.00, டெஸ்ட் என்றைக்கும் பச்சைதான், பக்கும் என்றைக்கும் இருக்கும்.

ரெட்ரோவில் (ஸ்ப்ரின்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) அந்த ஸ்ப்ரின்டின் எல்லா பக்கையும் அலசாதீர்கள். ப்ரொடக்ஷன் வரை தப்பித்துப் போனதில் இரண்டை மட்டும் எடுத்து, அது எந்தெந்தச் சோதனைச் சாவடிகளைக் கடந்து போனது, எங்கே பிடிபட்டிருக்கலாம் என்று பாருங்கள். இந்தப் பைசா விஷயத்தில் விடை: வரி இரண்டு இடத்தில் கணக்கிடப்படுகிறது. ஓரிடத்தில் கணக்கிட்டுச் சேமித்து, அறிக்கை அதைப் படிக்கட்டும். அந்த வேலையைச் செயலாக எழுதி, அடுத்த ஸ்ப்ரின்டில் ஒருவர் பெயரில் போடுங்கள்.

கேள்வி: மறுபடி வந்த பக்குக்கு பழைய டிக்கெட்டை ரீஓப்பன் செய்வதா, புதிது போடுவதா?
– டெஸ்டர், ஓசூர்

பதில்: திருத்தம் இன்னும் ரிலீஸ் ஆகவில்லை என்றால் ரீஓப்பன். ரிலீஸ் ஆகி, அடுத்த வெர்ஷனில் திரும்பி வந்தால் புதிய டிக்கெட், பழையதோடு இணைப்பு. பழையதைத் திறந்தால், 4.2-இல் சரியாகிவிட்டது என்று வாடிக்கையாளருக்கு அனுப்பிய ரிலீஸ் குறிப்பும் உங்கள் போர்டும் முரண்படும், 4.2-இல் அது உண்மையில் சரியாகத்தான் இருந்தது, உடைந்தது 4.3-இல்.